அறைக்கு நான்கு பேர்

போன வாரம் என் மனைவி கண்ணாடி துடைப்பதற்கென்று புதிதாக ஒரு திரவம் வாங்கி வந்தாள். நீல நிறம், பீய்ச்சி அடிக்கிற மூடி. ஜன்னலில் இரண்டு தடவை அடித்ததும் வீடு முழுக்க அமோனியா நெடி. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இதுக்கே இப்படியா?" என்று சிரித்தாள். அவளுக்கு அது துடைக்கிற மருந்து, எனக்கு அது சிவகாசி. கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என்னை அந்த நெடி இழுத்துக்கொண்டு போய் ஓர் இருட்டறையில் நிறுத்திவிட்டது. அந்த அறையைத் தாண்டிப் போனால் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவளிடம் அதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் முழுசாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் படம் போடும் வழக்கம் எங்கள் பக்கம் வராத காலம். டிரேசிங் தாளில் மசியால் கோடு போட்டு, அதை ஒரு பாய் நடத்திய பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோவோம். கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை. அதில் அமோனியா ஆவி காட்டி எடுத்தால் தாளில் நீலக் கோடுகள் தெளியும். ஆறு நகல் வேண்டுமென்றால் ஆறும் முடிகிறவரை மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். பாய்க்கு அந்த நெடி பழகிவிட்டது. "கண்ணுக்கு நல்லது தம்பி, அழுக்கெல்லாம் வெளிய வந்துரும்ல" என்பார். நான் அழுதுகொண்டே சிரிப்பேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விருதுநகரில் வீடு. டிப்ளமோ முடித்துவிட்டு, காலை பஸ்ஸில் சிவகாசிக்குப் போய், ஒரு பேப்பர் கடை மாடியில் இருந்த டிராயிங் ஆபீசில் வேலை. சாயங்காலம் ஊர் திரும்பியதும் எண்ணெயில் பொரித்த பரோட்டா. அந்தப் பரோட்டாவைப் பற்றி ஆரம்பித்தால் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன்.

எங்கள் ஆபீசுக்கு வருகிற ஆர்டர் எல்லாம் ஒரே மாதிரிதான். பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்ஸ் வாங்குவதற்கான வரைபடம். அதற்கென்று விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலை அறையும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வெறும் நிலம் கிடக்க வேண்டும். எதிரெதிரே வாசல், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அதைச் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைக்க வேண்டும். ஓர் அறையில் ஏதாவது ஆனால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கமும் ஓட முடிய வேண்டும் என்பதற்காக. உயிரைக் காப்பாற்றுகிற நல்ல விதிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வருடம் அதையே போட்டுப் போட்டு என் கை வேறு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. என் அக்கா வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தபோது சமையலறைக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்க வைத்தேன். "ஏலே மாப்ளே, உங்க அக்கா சாம்பார் வைக்கப் போறாளா, சரவெடி சுத்தப் போறாளா?" என்று அத்தான் கேட்டார். இன்றைக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போனால், பந்தி எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

அந்த ஆபீசுக்கு ஒருநாள் சின்னமணி அண்ணாச்சி வந்தார். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் கொஞ்சம் அலுமினியப் பொடி மினுங்கும். சின்ன வயதில் ஆர்மோனியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பாவிடம் அடி வாங்கி, அழுதுகொண்டே கம்பெனிக்குள் வந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். "அடி வாங்குனது நெசந்தான். ஆனா எனக்குச் சுருதியே வராது தம்பி. எங்க அப்பா அடிக்காட்டி பாட்டு வாத்தியார் அடிச்சிருப்பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு வந்தவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தன் கம்பெனிப் பெண்கள் பாடுகிற பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வேலை செய்துகொண்டே பாடுவார்களாம். ஓர் அறையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். நடுவில் கிடக்கிற வெறும் நிலத்தைத் தாண்டி அடுத்த அறை அதைத் திருப்பிப் பாடும். அதற்கடுத்த அறை தன் பங்குக்கு ஓர் அடியைச் சேர்த்து அனுப்பும். மேற்பார்வைக்கு நடந்து போகிற அண்ணாச்சியின் காதில் எல்லாம் துண்டு துண்டாக விழும். சுருதியே இல்லாத தன் குரலில் எனக்கு ஒரு துண்டைப் பாடிக் காட்டினார்:

"கரிசக்காட்டுல வேனு வருது
கஞ்சிய மூடுடி செல்லத்தாயி."

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது. செல்லத்தாயி வேன் ஏறுனாளா இல்லையான்னே தெரியாது தம்பி. நான் போய் நின்னா வாய மூடிக்கிருவாக. இத்தன வருசத்துல ஒரு பாட்ட மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டதில்ல. அவுக எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாடணும், படிக்கணும். அவுக பிள்ளைக படம் வரையணும். அதுக்கு ஒரு எடம் கட்டணும், எங்க அம்மா பேர்ல. யாருக்கும் பீசு கிடையாது."

அப்படித்தான் பேச்சியம்மாள் கலை கல்வி அறநிலையம் பிறந்தது. பாட்டுக்கு, ஓவியத்துக்கு, எழுத்துக்கு, புத்தகங்களுக்கு என்று அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிப் பன்னிரண்டு அறை கேட்டார். நான் குறித்துக்கொண்டேன். எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஒரே வாரத்தில் படம் தயார். பன்னிரண்டு அறை, தனித்தனியாக. நடுவில் வெறும் நிலம், அதில் வரிசையாக வேப்பங்கன்று. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே இரண்டு வாசல், வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. அண்ணாச்சி தாளை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "அம்சமா இருக்கு தம்பி. பாத்தவொடன மனசுக்குப் பிடிச்சிருச்சு" என்றார். பிடிக்காமல் என்ன செய்யும்? அவர் பிறந்ததிலிருந்து பார்த்த கட்டடம் அதுதான். கட்ட வந்த சங்கிலிக் கொத்தனாரும் கம்பெனி அறைகளாகவே கட்டிக் கை காய்த்தவர். "இதுக்குப் படம் வேற எதுக்கு? கண்ணக் கட்டி விட்டாலும் கட்டிருவேன்" என்றார். மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக்கிடந்த நாட்களில், தாயில்பட்டிப் பாதையில் அண்ணாச்சிக்கு இருந்த நிலத்தில் வேலையைத் தொடங்கி, கோடைக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். அண்ணாச்சி வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "பிளான் போட்டது யாருங்கீக? இந்தா, நம்ம விருதுநகர்த் தம்பி" என்று என் தோளில் கை வைப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேர் பாராட்டினால் ஆகாயத்தில் நடக்கிற வயது அது.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாயில்பட்டியிலிருந்தும் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் கம்பெனி வேன்களிலேயே பெண்கள் வந்து இறங்கினார்கள். தலை நிறையப் பூ, நல்ல நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த சேலை, கூடவே பிள்ளைகள். பலகை எழுதிய பெயிண்டரும் கம்பெனிகளுக்கு எழுதுகிறவர்தான். யாரும் சொல்லாமலே ஒவ்வோர் அறைச் சுவரிலும் நம்பர் போட்டு, கீழே 'ஆட்கள் 4' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. முதல் அறையின் நடுவில் குத்துவிளக்கு. இடம் இருந்த அளவுக்குப் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விளக்கின் பக்கத்தில் நிற்க, அண்ணாச்சி தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசினார்.

அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வெளியே போய்விட்டார்கள். யாரும் கத்தவில்லை, ஒருவரை ஒருவர் தள்ளவில்லை. பிள்ளைகளை இடுப்பில் வாரிக்கொண்டு, பாதிப்பேர் இந்த வாசல் வழியாகவும் பாதிப்பேர் அந்த வாசல் வழியாகவும், குச்சி எரிந்து முடிவதற்குள் போய்விட்டார்கள். கதவுகள் மிக நன்றாகத் திறந்தன. உள்ளே அண்ணாச்சி, நான், ஒன்றும் புரியாமல் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியர். "ஏத்தா, வெளக்குத்தான் தாயி! வாங்க, உள்ள வாங்க!" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் தீக்குச்சி இருக்கிற அந்த அறைக்குள் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. விளக்கை வாசலுக்கு வெளியே தூக்கி வைத்து ஏற்றினோம்.

பிறகு அவர்களாகவே பிரிந்து போய் அறைகளில் உட்கார்ந்தார்கள். அறைக்கு நான்கு பேர். ஐந்தாவதாக யாராவது எட்டிப் பார்த்தால், "ஆள் ஆயிருச்சு, அடுத்த ரூமுக்குப் போ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழாவது அறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெயர் முத்துமாரி. கம்பெனியில் முதல் அடி எடுத்துக் கொடுக்கிற குரல் அவருடையதுதான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

"படம் போட்டது நீங்கதானா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கம்பெனில்ல?"

அவர் கோபப்படவில்லை, தெரியாதவனுக்கு வழி சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "வாரத்துல ஆறு நாளு மூணு மூஞ்சியத்தான் பாக்கேன். ஏழாவது நாளும் மூணு மூஞ்சியா? நான் எடுத்துக் குடுக்குற பாட்டு அந்தக் கடைசி ரூமுல எப்படி முடியுதுன்னு எனக்கே தெரியாது தம்பி. எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்து ஒருவாட்டி முழுசாக் கேட்டுறலாம்னுதான் வந்தேன்."

"வெளிய, நடுவுல உக்காந்து பாடுங்களேன் அக்கா. வேம்பு வளந்தா நெழலா இருக்கும்."

"அங்கனயா? அது ஓடுறதுக்கு விட்டுருக்கிற எடம். அங்கன எப்படித் தம்பி உக்காந்து பாடுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றாக உட்கார இடமில்லாதவர்களுக்கு, ஒன்றாக உட்காரவே முடியாத ஓர் இடத்தை அளவெடுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "ஒரு பெரிய ஹால் போட்டுத் தாரேன் அக்கா. எல்லாரும் உக்காருற மாதிரி" என்றேன். "நெசமாவா?" என்றார். சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினேன்.

அந்த வாரமே படமும் போட்டுவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் என்மேல் எனக்கே இரக்கம் இல்லை என்றாகிவிடும். நடுவில் கிடந்த நிலத்தில் ஒரே ஹால், நூறு பேர் உட்காரலாம். ஆனால் அதை அண்ணாச்சியிடம் காட்ட வேண்டுமானால் முதல் படம் தப்பு என்று சொல்லியாக வேண்டும். சுருட்டிய தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவேன். அவர் யாரோ விருந்தாளிக்கு அறைகளைக் காட்டிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இந்தா, தம்பியே வந்துட்டாருல்ல" என்று தோளில் கை வைப்பார். அந்தக் கை எடுக்கப்பட்டுவிடும் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை. ஒருநாள், "அது என்ன தம்பி கையில?" என்று அவரே கேட்டார். "வேற கம்பெனிப் படம் அண்ணாச்சி" என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வந்ததே என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதற்கிடையில் வகுப்புகள் நடந்தன. ஞாயிறு மத்தியானம் பெண்களுக்குப் பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார் வந்தார். ஒரு வரியை முதல் அறையில் சொல்லிக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார். பன்னிரண்டாவது அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் அறை வேறு ஏதோ ராகத்துக்குப் போயிருக்கும். "நான் பாட்டு வாத்தியாரா, தபால்காரனா?" என்று என்னிடம் கேட்டார். கோடை வெயிலில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார், பாவம். முத்துமாரி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, ஹாலு எங்கன வந்துக்கிட்டிருக்கு?" என்று, ஏதோ பஸ்ஸை விசாரிப்பதுபோல் கேட்பார். "சாத்தூர் தாண்டிருச்சுக்கா" என்பேன். அடுத்த தடவை, "வெம்பக்கோட்டை வந்துருச்சுக்கா." இரண்டு பேரும் சிரிப்போம். அவர் நம்பிக்கொண்டு சிரித்தார்.

தீபாவளி சீசன் சூடுபிடித்தது. கம்பெனியில் ஞாயிறும் வேலை. பெண்கள் வருகிற அறைகள் எட்டாயின, ஐந்தாயின. தீபாவளி முடிந்த பிறகும் யாரும் திரும்பவில்லை. "பாவம், வாரம் பூரா ஒழைக்காக, ஒரு நாளாவது தூங்கட்டும்" என்று அண்ணாச்சி சமாதானம் சொல்லிக்கொண்டார். காரணம் தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. காலியான அறைகளுக்குச் சிவகாசி டவுனிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கீபோர்டு, ஓவியம், இந்தி. அறைக்கு நான்கே பிள்ளைகள் என்பது பெற்றோருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த வருடம் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது அண்ணாச்சி ஒரு டசன் டைரியும் இரண்டு காலண்டரும் கொடுத்து, "எங்க போனாலும் நீ நம்ம பிள்ளதான்" என்றார். கண் கலங்கினார். ஹால் படம் ஆபீஸ் பரணில் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் துப்பில்லை. சில வருடங்கள் கழித்து அவர் தவறிப்போன செய்தி வந்தது. எதற்காக அந்த இடத்தைக் கட்டினாரோ, அது நடக்காததற்கு யார் காரணம் என்று தெரியாமலே போய்விட்டார்.

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசி போயிருந்தேன். சாப்பிட்ட கையோடு தாயில்பட்டிப் பாதையில் ஓர் ஆட்டோ பிடித்தேன். அறநிலையத்தின் பலகை இல்லை. கேட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெயர். போர்மேன் வந்து யார், என்ன என்று விசாரித்தார். முன்னால் இங்கே ஒரு பாட்டுப் பள்ளிக்கூடம் இருந்ததே என்று இழுத்தேன்.

"இருந்துச்சாம் சார். அண்ணாச்சி மகன்மாரு மெட்ராசுல இருக்காக, நடத்த ஆளில்லன்னு குத்தகைக்கு விட்டுட்டாக. ஆனா ஒண்ணு சார், அந்தக் காலத்துலயே ஆரோ வெவரமான ஆளு பிளான் போட்டிருக்காரு. ஒரு செங்கல்லு மாத்தல. கதவக்கூட மாத்தல. ஆபீசருக வந்து அளந்து பாத்துட்டு ஒத்த வார்த்த சொல்லல, லைசென்ஸ் குடுத்துட்டாக."

என் தொழிலில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். அந்த விவரமான ஆள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

வேலை விடுகிற நேரம். பெண்கள் கை கால் கழுவிவிட்டு வேனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நின்று என்னையே பார்த்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. "விருதுநகர்த் தம்பில்ல? நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" குரலில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இங்கனயா வேல பாக்கீக அக்கா?"

"ரெண்டு வருசமா. ஒம்பதாவது ரூமு."

பாட்டெல்லாம் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இப்ப எங்க தம்பி? எங்கூட இருக்கிறது மூணும் வடக்கத்திப் பிள்ளைக. நல்ல பிள்ளைக. நான் அடி எடுத்தா அதுகளுக்கு வெளங்காது, அதுக பேசுனா எனக்கு வெளங்காது. சும்மா கைய மட்டும் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தான். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"ஏந்தம்பி, அன்னைக்கே அந்த ஹாலு வந்திருந்தா, இங்கன கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்திருக்க மாட்டாகல்ல?"

குத்திக் காட்டுகிற தொனி துளியும் இல்லை. வெகுநாளாக மனதில் இருந்த ஒன்றை, விவரம் தெரிந்த ஆளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

"நடுவுல வெறும் நெலம் இருந்திருக்காதுல்ல, குடுத்திருக்க மாட்டாகக்கா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. அத்தனை வருடத்தில் அந்த ஹாலைப் பற்றி அவர் கேட்டதற்கு நான் சொன்ன உண்மையான பதில் அது ஒன்றுதான்.